அளவெடுக்கும் முன் சுவரில் கை வைக்காதீர்கள்

கேள்வி: குழித்துறைக்குப் பக்கத்தில் 22 சென்டில் எங்கள் ஓட்டு வீடு. 1950-களின் தொடக்கத்தில் தாத்தா கட்டியது. அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டன. வாசற்படி ஏற முடியவில்லை, கழிப்பறையும் வெளியே இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் வீட்டைப் புதுப்பிக்கப் பணம் தருவதாகச் சொல்கிறார். வரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டுமாம். மேலே ஒரு கான்கிரீட் மாடியும் வேண்டும் என்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் இரண்டு முறை வந்தார். காலையில் யார் முதலில் எழுந்திருப்பது, அம்மா பகலில் எங்கே உட்காருவார் என்றெல்லாம் கேட்டார். பிளான் எதுவும் காட்டவில்லை. இப்போது, வீட்டை அளந்து வரைய மட்டும் 35,000 ரூபாய் கேட்கிறார். “இருக்கிற வீட்டை அளக்க எதுக்குக் காசு? நம்ம கொத்தனார் ஒரே நாளில் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டிடுவார்” என்கிறார் மாமா. கொடுக்கலாமா? அவரிடம் என்ன பேச வேண்டும்?
— வாசகி, விளவங்கோடு தாலுகா

பதில்: கொடுங்கள் சகோதரி. கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கொடுங்கள்.

புது வீடு என்றால் காலி மனை, நான்கு மூலையை அளந்தால் போதும். எழுபது வருடப் பழைய வீடு அப்படியல்ல. அடுக்களைத் தரை ஒரு உயரத்தில் இருக்கும், பிற்பாடு இறக்கிய சாய்ப்பு வேறு உயரத்தில் இருக்கும். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு, அடுக்களையைக் கொஞ்சம் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்தோம். அனுபவமுள்ள கொத்தனார்தான் சொன்னார், நாங்களும் சரி என்றோம். மேலே இருந்த மரத்தட்டின் உத்திரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை தட்டு ஒரு பக்கம் இறங்கி நின்றது. முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் வாங்கி, மூன்று வாரம் திண்ணையில் சமைத்தோம். அப்போது அளவுப்படம் இருந்திருந்தால் அந்தச் செலவு முழுக்க மிஞ்சியிருக்கும். கொத்தனாரின் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. அவர் அவசியம் வேண்டும், ஆனால் படம் வந்த பிறகு.

அளவெடுப்பது என்றால் டேப் பிடித்து நீள அகலம் குறிப்பதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் ஓடுகளை நீக்கி, கழுக்கோலின் (ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரத்தின்) நுனி சுவரில் உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிதல் (கரையான்) முதலில் அங்கேதான் ஏறும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுவரை ஒட்டி இரண்டு இடத்தில் குழி தோண்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், வெட்டுக்கல்லா கருங்கல்லா, மண்ணில் கட்டியதா சுண்ணாம்பிலா என்று பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் கேட்கும் மாடிக்கு விடை அந்தக் குழியில்தான் இருக்கிறது. மண் சாந்தில் கட்டிய சுவர் ஓட்டையும் மரத்தையும் காலகாலத்துக்கும் தாங்கும். அதன் தலையில் கான்கிரீட் தளத்தை ஏற்றுவது வேறு சங்கதி. அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். அவர் கட்டணம் அந்த 35,000-க்குள் அடங்குமா, தனியா என்று இப்போதே கேளுங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் உள்ள தூரம், மரங்கள் நிற்கும் இடம், மழைத்தண்ணீர் ஓடும் பாதை, இவையும் படத்தில் வரவேண்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். “அம்மாவுக்குக் கீழே அட்டாச்டு பாத்ரூமோடு ஒரு ரூம்” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். முற்றத்திலிருந்து வீட்டுத்தளம் இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஒரு அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 30 அடி வேண்டும், திரும்பும் இடத்தில் சமதளம் வேறு. முன்முற்றத்தில் அதற்கு எங்கே போவது? ஆனால் உங்கள் பக்கம் மேடும் பள்ளமுமான நிலம். முன்னால் உயரமாக நிற்கும் வீடு பின்னால் விளையின் (தோட்ட நிலத்தின்) மட்டத்துக்கு வந்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் பின்பக்கமிருந்து அரையடி ஏற்றத்தில் அம்மா உள்ளே வந்துவிடலாம். அவர் அறையும் அந்தப் பக்கமே அமையலாம். லெவல் எடுத்துப் பார்த்தால்தான் இது தெரியும். சாக்பீஸ் கோட்டில் உயரம் தெரியாது. உங்கள் மாமாவிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

அம்மா புழங்கும் வாசல்களில் கதவு திறந்த பிறகு மூன்றடி இடைவெளி கிடைக்க வேண்டும். பழைய வீட்டின் உயரமான கீழ்ப்படிகள் (வாசல் நிலையின் அடிக்கட்டைகள்) அவர் நடக்கும் வழியில் இருக்கக் கூடாது. குளியலறைச் சுவரில் கைப்பிடி வரும் இடத்தை முதலிலேயே குறித்தால், அதைத் தாங்கும்படி சுவரைக் கட்டலாம்.

காலையில் யார் எழுந்திருப்பது என்று அந்த ஆர்க்கிடெக்ட் கேட்டாரே, அது நல்ல அடையாளம். இரண்டாம் நாளே பளபளவென்று த்ரீடி படம் காட்டியிருந்தால் நான் யோசித்திருப்பேன். அவரிடம் அறைகளின் பட்டியலைக் கொடுப்பதைவிட, வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். மீன் வெட்டுவது எங்கே, தேங்காயும் விறகும் எங்கே கிடக்கின்றன, மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது, மைனியும் பிள்ளைகளும் வந்தால் எத்தனை பேர் எங்கே படுப்பார்கள். எந்த மூலை பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் எல்லோரும் போய் உட்காரும் ஒரு குளிர்ந்த இடம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைத் தொடாமல் விடச் சொல்வதும் உங்கள் உரிமை.

கிறிஸ்துமஸ் கெடுவைப் பற்றி அண்ணனிடம் பேசியே ஆக வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி எனும் தென்மேற்கு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை துலா மழையும் புயலும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை யாரும் மறக்கவில்லை. டிசம்பருக்குள் முடிப்பதென்றால் இந்த மழைகளுக்கு நடுவே கூரையைத் திறக்க வேண்டிவரும். வேண்டாம். இந்த மே மாதம் அளவெடுத்துவிடுங்கள். ஜூன் மழையில் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது என்று செல்போனில் வீடியோ எடுத்து ஆர்க்கிடெக்டுக்கு அனுப்புங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அம்மாவின் குளியலறையும் சாய்தளமும் மட்டும். கூரை வேலை ஜனவரியில் தொடங்கட்டும். அண்ணன் வரும்போது அம்மா யார் தயவும் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வருவதைப் பார்ப்பார்.

பணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். கையில் 20 லட்சம் இருந்தால் 20 என்றே சொல்லுங்கள். 15 என்று குறைத்துச் சொல்வதும், ஆசையில் 30 என்று சொல்வதும் படத்தைக் கெடுக்கும். பழைய வீட்டில் திறந்த பிறகுதான் தெரியும் செலவு உண்டு. அதற்காக ஆறில் ஒரு பங்காவது தொடாமல் ஒதுக்கிவையுங்கள். கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் வீட்டுக்குள் பேசி முடியுங்கள். நீங்கள் ஒன்று சொல்லி, அண்ணன் வாட்ஸப்பில் வேறொன்று சொன்னால் ஆர்க்கிடெக்ட் யார் பேச்சைக் கேட்பார்?

அவரிடம் கேட்க வேண்டியவை சில. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அளவுப்படத்துக்குக் கொடுக்கும் பணம் பிறகு மொத்தக் கட்டணத்தில் கழியுமா, வேலை தொடராவிட்டாலும் படம் உங்கள் கைக்கு வருமா, எத்தனை முறை மாற்றித் தருவார், வேலை நடக்கையில் எத்தனை முறை வருவார், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா. எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தாகட்டும்.

எல்லை ஓரம் என்பதால் இன்னொன்று. அவருக்குப் பழக்கமானது கேரளக் கட்டட விதிகள். உங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த விதிகள். இந்தப் பக்கம் அனுமதி வாங்கிய அனுபவம் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் இங்குள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் இப்போதே படித்து எழுதிவைத்து, பட்டாவோடு ஒத்துப்பாருங்கள்.

அப்புறம், மரம். வீட்டை மாற்றுகிறீர்கள் என்று தெரிந்தாலே பழைய மரம் வாங்குகிறவர்கள் வாசலுக்கு வருவார்கள். அயனியோ தேக்கோ, படம் முடியும்வரை ஒரு துண்டுகூட விற்காதீர்கள். கழற்றும் ஓடுகளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்துக்குள் பழைய ஓடுகளைப் பதித்து, கான்கிரீட்டையும் எடையையும் குறைத்துக் காட்டியவர். உங்கள் ஆர்க்கிடெக்டுக்கு அது தெரிந்திருக்கும். குளியலறைத் தளத்துக்கு அது சரிவருமா என்று கேட்டுப் பாருங்கள்.

அளவெடுக்க வரும் அன்று அம்மாவை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர் வழக்கம்போல எழுந்து நடக்கட்டும். எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் சுவரில் கை ஊன்றுகிறார் என்று டேப் பிடிக்கிறவர்கள் பார்க்கட்டும். அந்தக் கை படும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.