கறுப்பியைப் பிடித்துக்கொடுப்பது பாவமா?

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சைட்டில் வேலை பார்க்கிறேன். அங்கே கறுப்பி என்று ஒரு நாய், தினமும் நான்தான் சோறு வைப்பேன். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை குட்டி போட்டுவிட்டது, பாதிக் குட்டிகள் லாரியில் அடிபட்டே செத்தன. இப்போது தொண்டூழியர்கள் நாய் பிடிக்கும் கூண்டை எடுத்துவந்து, அவளைப் பிடிக்க என்னை உதவச் சொல்கிறார்கள். கொன்றுவிடுவார்களோ? நம்பி வருகிற ஜீவனைக் காட்டிக்கொடுப்பது பாவம் இல்லையா?
- துவாஸ் வாசகர்

பதில்: பாவம் இல்லை தம்பி, தைரியமாக உதவுங்கள். முன்பு இங்கே பிடிபட்ட நாய்கள் பல கருணைக்கொலை செய்யப்பட்டது உண்மைதான், அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2018 நவம்பரில் நாடு முழுக்க வேறு திட்டம் தொடங்கியது. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்கு மைக்ரோசிப் வைத்து, பழகக்கூடியதை வீடுகளுக்குத் தருவார்கள், மற்றதைப் பொருத்தமான இடத்தில் திரும்ப விடுவார்கள். அப்போது சுமார் 7,000 தெருநாய்கள் இருந்தன, ஐந்து ஆண்டில் அவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கருத்தடை செய்வது என்பதுதான் இலக்காக இருந்தது.

கொன்றால் தீராதா என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்கலாம். தீராது. சோறும் ஒதுங்க இடமும் அப்படியே இருக்கும்போது பக்கத்து நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் சென்னை மாநகராட்சியே காலங்காலமாகக் கொன்று பார்த்துவிட்டு, 1996ல்தான் ப்ளூகிராஸ் விலங்குநல அமைப்பு சொன்ன கருத்தடை வழிக்கு வந்தது.

நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான், வருடத்துக்கு இரண்டு தடவை பருவம் வரும், அதனால் நீங்கள் வைக்கிற சோறு முழுக்க அவள் உடம்பில் தங்காமல் குட்டிகளுக்கே போய்க்கொண்டிருக்கிறது. கருப்பையையும் சூல்பையையும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள், வலி தெரியாது, காயம் பத்துப் பதினாலு நாளில் ஆறிவிடும். கருப்பையில் சீழ் பிடித்துச் சாகிற ஆபத்தும் அதோடு போய்விடும்.

கிராஞ்சியில் ஒரு தடவை மூன்று இரவு மத்தி மீன் டின்னைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம், அந்த நாய் கூண்டுப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் அதற்குச் சோறு போடுகிற அண்ணன் ஒருவர் வந்து மெல்லக் கூப்பிட்டார், வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டது. அவர் அழுதுவிட்டார், நானும்தான். இரண்டு வாரம் கழித்து அது திரும்பி வந்து அவர் கையிலேயே சாப்பிட்டது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கறுப்பி எத்தனை மணிக்கு வருவாள், எங்கே படுப்பாள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பிடிக்கிற நாளன்று யாரும் சோறு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிறு நிறைந்திருந்தால் கூண்டுக்குள் போகமாட்டாள். பால் குடிக்கிற குட்டி எங்காவது இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அவளை மட்டும் தூக்கிப் போய்விட்டால் குட்டிகள் பட்டினியில் செத்துவிடும்.

கேள்வி: அப்படிப் பிடித்த நாயை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்க விடுவார்களா?
- யீஷூன் வாசகி

பதில்: விடுவார்கள். அடோர் திட்டத்தில், விலங்குநல அமைப்பு வழியாக எடுக்கும் உள்ளூர்க் கலப்பின நாயை வளர்க்கலாம். 2020லிருந்து எடைக்கு வரம்பு இல்லை, தோள் உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90. குட்டியாக எடுத்தால் எவ்வளவு உயரம் வளரும் என்று அமைப்பினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.