ஹெட்போன் கேள்வி-பதில்: விவரமா, வெறும் சத்தமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'இதா, அதா' ரகம். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் எழுதும்போது மூன்றைச் சொல்லுங்கள்: எதில் மாட்டிக் கேட்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள். எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பாதித் தகவலோடு வரும் கடிதத்துக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650. இரண்டில் எதில் தெளிவு அதிகம்? (மதுரை)

600இல். அதுவும் மயிரிழைதான். 650 பாடகரை அரை அடி பின்னால் உட்கார வைத்து, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்குக் கொஞ்சம் சதை போடும். ஒன்று 1997இல் வந்தது, மற்றது 2003இல். அண்ணன் தம்பிதான், குணமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலான இடங்களில் 2 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். ஒன்றை வைத்திருப்பவர் மற்றதை வாங்குவது, மூட்டை அரிசி வீட்டில் இருக்கும்போது அதே அரிசியை வேறு பையில் வாங்குவது மாதிரி. எச்டி 6எக்ஸ்எக்ஸ் பற்றிக் கேட்ட திருச்சிக்காரருக்கும் இதே பதில். அது நீலச் சட்டை போட்ட 650.

கேள்வி: சார், 1 லட்சத்துக்குள் பெஸ்ட் ஹெட்போன் எது? (ஊர் போடவில்லை)

எதற்கு? பஸ்ஸில் கேட்கவா, மிக்ஸிங் செய்யவா, ராத்திரி படுக்கையில் கேட்கவா? ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்து, சத்தம் வெளியே கசியும்) ஹெட்போன் வாங்கிவிட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் திட்டு வாங்கிய பிறகு எனக்கு எழுதியவர்கள் இந்த வருடம் மட்டும் மூன்று பேர். முழுக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் எச்டி 800 எஸ். நண்பரிடம் பழைய எச்டி 800. ஒரே ஆம்பில், வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டோம். பழையதில்தான் விவரம் அதிகம். பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. புதியதில் எதைக் குறைத்துவிட்டார்கள்? என்னுடையதை விற்றுவிட்டுப் பழையதை வாங்கலாமா? நண்பர் தன்னுடையதற்குத் தனியாக பேலன்ஸ்டு கேபிள் வாங்கிப் போட்டிருக்கிறார், என்னுடையது சாதாரண 6.3 மி.மீ. ஜாக். (கோவை)

விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஹெட்போன். 800 வந்தது 2009இல். நடுவில் ஓட்டை விட்ட வளையம் மாதிரி ஒலி எழுப்பும் 56 மி.மீ. டிரைவர், 300 ஓம் மின்தடை, எடை சுமார் 330 கிராம். அதில் எல்லோரும் சொல்லும் ஒரு குறை, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் துருத்தி நிற்கும் ஒரு மேடு. 2016 வாக்கில் வந்த 800 எஸ்-இல் அந்த மேட்டின் சக்தியை உறிஞ்சிக்கொள்ள ஒரு ரெசனேட்டர் வைத்தார்கள். கறுப்பு வண்ணமும் அடித்தார்கள். மற்றபடி உடம்பு ஒன்றுதான்.

6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் என்ன இருக்கிறது? 'ஸ', 'ஷ' என்ற உரசல்கள், மூச்சு, வீணைத் தந்தியில் விரல் வழுக்கும் கீச்சு, ஜால்ராவின் முதல் 'ச்சிங்'. அந்த இடத்தைச் சில டெசிபெல் தூக்கிவிட்டால் இவையெல்லாம் முன்னால் வந்து நிற்கும். கல்யாண போட்டோவில் ஷார்ப்னெஸ் ஏற்றினால் மாப்பிள்ளை முகத்துப் பருவெல்லாம் எழுந்து நிற்குமே, அது மாதிரி. பரு முன்பும் அங்கேதான் இருந்தது. சந்தேகமிருந்தால் நண்பரின் 800-க்கு ஈக்யூவில் (சத்தத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 6 கிலோஹெர்ட்ஸில் குறுகலாக 5 டெசிபெல் குறைத்துக் கேளுங்கள். மூச்சு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது கடைசி வரி. பேலன்ஸ்டு என்றால் ஒவ்வொரு காதுக்கும் போகும் இரண்டு கம்பியையும் ஆம்ப் எதிரெதிராக ஓட்டுவது. பெரும்பாலான ஆம்புகளில் அந்த வழியில் வோல்டேஜ் இரட்டிப்பு. அதாவது 6 டெசிபெல் அதிகம். நீங்கள் வால்யூமைத் தொடாமல் கேட்டதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். ஐயா, தொட்டிருக்க வேண்டும்! 6 டெசிபெல் உரக்கப் பாடிய ஹெட்போனை 6 டெசிபெல் அடக்கிப் பாடியதோடு போட்டிக்கு விட்டிருக்கிறீர்கள். நடுவர் உங்கள் காது. அது எப்போதும் உரக்கப் பாடுபவருக்குத்தான் மார்க் போடும்.

இந்த ஒரு விஷயத்தில் என் பொறுமை போய் வருஷக்கணக்காகிறது. சத்தம் குறையும்போது நம் காதுக்குப் பாஸும் மேல் ட்ரெபிளும் மற்றதைவிட வேகமாக மங்குகின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து வரைபடம் போட்டது 1933இல். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டு முனைகளும் மலரும். 1 டெசிபெல் மட்டும் கூடினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று யாருக்கும் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது', 'திரை விலகியது' என்றுதான் தோன்றும். அதனால்தான் இது ஆபத்து. என் இருபதுகளில் ஒரு கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார் விற்பனையாளர். விலை கூடியதற்கு மாறும்போதெல்லாம் அவர் கை வால்யூம் குமிழின் மேல் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் இரண்டு தவணை கட்டியிருந்தேன்.

சமப்படுத்துவது பெரிய வித்தையில்லை. பழைய நாள்காட்டி அட்டை ஒன்றை எடுங்கள். நடுவில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போட்டு, பின்பக்கம் போனின் மைக் அந்த ஓட்டையில் பதியும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அட்டை மேல் பேட் முழுக்கப் படியும்படி வைத்து, பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, சத்தம் அளக்கும் ஆப்பில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்து மறுபடி வையுங்கள். இப்படி மூன்று முறை, சராசரி போதும். வைக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலே எண் மாறும் என்பதால்தான் மூன்று முறை. அடுத்த ஹெட்போனுக்கும் அதே எண் வரும்வரை குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. போன் காட்டும் எண் சரியான டெசிபெல்லாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். அரை டெசிபெல்லுக்குள் வந்துவிட்டால் உட்கார்ந்து கேட்கலாம்.

உங்கள் இரண்டும் ஒரே எடை, ஒரே பிடி. கண்ணை மூடிக்கொண்டால் தலையில் இருப்பது எதுவென்று தொட்டும் தெரியாது. வீட்டில் யாராவது மாட்டிவிடட்டும். 'எதில் விவரம் அதிகம்' என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். அதைவிட உருப்படியான சோதனை ஒன்று இருக்கிறது. தம்பூரா நன்றாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவை எடுங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் நூல், அதுதான் ஜீவா, ஒவ்வொரு மீட்டலிலும் மேல் ஸ்வரங்களை அடுக்கடுக்காக எழுப்பும். சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியது இந்த அதிசயத்தைத்தான். 800இல் அந்த அடுக்கில் புதிதாக ஒன்று கேட்டால் எந்த விநாடி என்று குறித்துக்கொண்டு, 800 எஸ்-க்குத் திரும்பி அதே விநாடியில் தேடுங்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு அங்கேயும் கேட்கிறதா? கேட்டால் அது தொலையவே இல்லை, முன்னால் தள்ளப்படவில்லை, அவ்வளவுதான். தேடியும் கிடைக்கவில்லை என்றால்தான் விவரக் குறைவு. நான் தேடியவரை இந்த இரண்டுக்குள் அப்படி ஒன்று அகப்படவில்லை.

விற்காதீர்கள். நண்பருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: புது ஹெட்போன் 200 மணி நேரம் ஓடினால்தான் தெளிவு வருமாமே? (சேலம்)

பேட் கொஞ்சம் அமுங்கும். மீதி, உங்கள் காது பழகுவது. கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: வெள்ளிக் கேபிள் போட்டால் விவரம் கூடுமா? 25 ஆயிரம் கேட்கிறார்கள். (சென்னை)

உங்களுடையது 300 ஓம் ஹெட்போன் என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் அரை ஓம் மாறினால் சத்தம் மாறுவது 0.01 டெசிபெல் அளவுக்கு. கொசு பறப்பது இதைவிடப் பலமாகக் கேட்கும். பழைய கேபிள் கரகரத்தால் மாற்றுங்கள், ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும்.

கேள்வி: வால்வ் ஆம்பில் என் எச்டி 800 குளிர்ச்சியாக, பாஸ் நிறைவாகக் கேட்கிறது. சாதா ஆம்பில் விவரம் அதிகம், ஆனால் வறட்சி. வால்வில் விவரம் தொலைகிறதா? (யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி, கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். அட்டையில் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 600-ஐத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்புகளுக்கு வெளியீட்டு இம்பிடன்ஸ் (மின்தடை) அதிகம், 100 ஓம்கூட இருக்கலாம். அப்படியானால் பாஸ் பக்கம் 1 டெசிபெல்லுக்குச் சற்று மேல் தானாக ஏறும். மேலே எதுவும் குறையவில்லை, கீழே ஏறியதால் மேலே அடங்கியதாகத் தோன்றுகிறது. உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே கேளுங்கள். ஆனால் 20, 30 ஓம் பிளானர் (தட்டையான சவ்வு வகை) ஹெட்போன்களை அதில் மாட்டாதீர்கள். ஆம்பின் இம்பிடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது பொதுவாக நல்லது. அப்புறம், இரண்டு ஆம்பையும் சத்தம் சமப்படுத்தித்தான் ஒப்பிட்டீர்களா?

கேள்வி: ஃபோகல் கிளியர், ஆடிஸி எல்சிடி-எக்ஸ். பின்னணி இசைக்கு மிக்ஸிங் செய்கிறேன். எது? (சிங்கப்பூர்)

எந்த வேலைக்கு என்று சொன்னீர்களே, புண்ணியம். எல்சிடி-எக்ஸ் பிளானர் என்பதால் அடிப் பாஸ் கடைசிவரை தளராது, கிக் டிரம்முக்கும் சப் பாஸுக்கும் நடுவே என்ன தகராறு என்று தெரியும். ஆனால் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், குரல் ஒதுங்கி நிற்கும். ஈக்யூ போடாமல் மிக்ஸ் செய்தால் குரலைத் தேவைக்கு மேல் தூக்கிவிடுவீர்கள். கிளியரில் அந்தத் தொல்லை குறைவு, அடிப் பாஸ் மட்டும் கொஞ்சம் இறங்கும். எடை? கிளியர் 450 கிராம், மற்றது 600-க்கு மேல். ஆறு மணி நேரம் உட்காரும் வேலை உங்களுடையது. நானாக இருந்தால் கழுத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன், கிளியர் என்பேன்.

கேள்வி: வயது 63. ஓய்வு பெற்ற பணத்தில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இந்தக் காதுக்கு அது வீண் என்கிறான் மகன். (தஞ்சாவூர்)

மகனிடம் இதைக் காட்டுங்கள். இந்த வயதில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் கேட்காதுதான். ஆனால் அதற்கு மேலே இருப்பது சிம்பலின் தூசும் கொஞ்சம் காற்றும். மிருதங்கத்தின் வலந்தலை, அதன் கரணை தரும் ஸ்வரம், நாகஸ்வரத்தின் கமகம் எல்லாம் அதற்கு வெகு கீழே. முதலில் காது மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள், செலவு அதிகமில்லை. பிறகு எச்டி 600 வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: மேலே மங்கியதை ஈடுகட்டக் குமிழைத் திருப்பத் தோன்றும். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் எல்லை, 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்.

கேள்வி: 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை ப்ளூடூத் ஹெட்போனில் கேட்கிறேன், விவரம் தெரியவில்லை. ஹெட்போன் கோளாறா? (பெங்களூரு)

ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான எல்டாக்-கே விநாடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட். சாதாரண சிடியே 1,411. கடலைக் குடத்தில் மொண்டு வந்துவிட்டு அலை எங்கே என்கிறீர்கள். ஹெட்போனில் கோளாறில்லை.

கேள்வி: பத்து வருஷ எச்டி 650-ஐயும் புது 660எஸ்2-வையும் ஒப்பிட்டேன். புதியது கண்ணாடி மாதிரி. இவ்வளவு முன்னேற்றமா? (திருநெல்வேலி)

பழையதின் பேடைக் கழற்றிப் பாருங்கள். தோசைக்கல்லில் அமுக்கிய மாதிரி தட்டையாகியிருக்கும். உள்ளே டிரைவர் முன்னால் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டால் விரலில் பொடியாக ஒட்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் இரண்டு வருஷம்தான் பேட் ஆயுள். நானே ஒரு முறை இதே தப்பைச் செய்தேன். பழைய ஹெட்போனை ஓரங்கட்டிவிட்டுப் புதியதைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன்தினம் பேட் மாற்றிக் கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. பேட், ஸ்பாஞ்ச் இரண்டும் மாற்றிவிட்டு, நாள்காட்டி அட்டையில் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.