வட்டைக்குள் எறியும் யூரியா

வணக்கம் ஐயா,
எங்கட வாப்பா சம்மாந்துறையில் வேளாண்மை செய்பவர். விவசாயம் படிக்கும் தம்பி, யூரியா எறிந்த வயலிலிருந்து கிளம்பும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்றான். வாப்பாவுக்குக் கோபம். "2021இல பசளைய நிப்பாட்டி எங்கள அழிச்சது போதாதா? வாகனப் புகைக்கு ஆரு தடை போட்ட?" என்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தம்பி சொன்ன வாயு நைதரசு ஒக்சைட்டு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால், நூறாண்டுக் கணக்கில் காபனீரொக்சைட்டைவிட 273 மடங்கு சூடேற்றும். 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. ஐ.நா.வின் காலநிலைக் குழு வைத்திருக்கும் பொதுக் கணக்குப்படி அதில் 1 வீதம் இந்த வாயுவாகப் போகும். அதாவது மூட்டைக்கு ஏறத்தாழ 100 கிலோ காபனீரொக்சைட்டுக்குச் சமமான சூடு. ஆனால் அது சோளம், மிளகாய் போன்ற மேட்டுப்பயிருக்கு. தண்ணீர் வற்றாமல் நிற்கும் நெல்வயலுக்கு அதே குழு போட்டிருப்பது 0.3 வீதம்தான்.

எல்லாம் மண்ணிலுள்ள பற்றீரியாக்களின் வேலை. காற்றுப் பட்டால் ஒரு கூட்டம் யூரியாவிலிருந்து வரும் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும். காற்று இல்லாத இடத்தில் இன்னொரு கூட்டம் அந்த நைத்திரேற்றை உடைத்து, தீங்கில்லாத நைதரசனாக விட்டுவிடும். வயல் காய்ந்து காய்ந்து நனையும்போது இந்த வேலை பாதியில் அறுந்துபோகிறது. அந்தப் பாதிதான் நைதரசு ஒக்சைட்டு. சேனநாயக்க சமுத்திரக் குளத்துத் தண்ணீர் முறை தப்பும் சிறுபோகத்தில் உங்கள் வட்டையிலும் இது கூடும்.

அப்படியென்றால் எந்நேரமும் வக்கடையை, அதாவது வரம்பிலுள்ள நீர்வழியை, அடைத்துத் தண்ணீர் கட்டலாமா? கட்டினால் பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மெதேன் கிளம்பும். நெல்வயலில் பெரிய கணக்கு அதுதான். தம்பி அதை ஏன் விட்டாரோ!

வாகனப் புகை விடயத்திலும் தடை விடயத்திலும் நான் வாப்பா பக்கம். இரசாயனப் பசளைக்கு அரசு போட்ட அந்தத் தடையை நவம்பரில் நீக்கும்போது பெரும்போகம் தொடங்கிவிட்டது. யூரியாவுக்குப் பதிலாகப் போடும் மாட்டெருவிலும் நைதரசன் உண்டு, அதிலிருந்தும் இதே வாயு வரும். உக்காத வைக்கோலைச் சேற்றில் புதைத்தால் மெதேன் இன்னும் கூடும்.

பார்க்கவேண்டியது வீணாகும் பங்கை. நிறைந்த தண்ணீரில் உச்சி வெயிலில் யூரியா எறிந்தால் கணிசமான பகுதி அமோனியாவாகப் பறக்கும். அது வேறெங்காவது மண்ணில் விழுந்து மறுபடி நைதரசு ஒக்சைட்டாகும். போவது வாப்பாவின் காசு. தண்ணீரை வடித்து, பயிர் கேட்கும் பருவத்தில் பிரித்து எறிந்து, பிறகு தண்ணீர் பாய்ச்சட்டும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டை ஒன்றைத் தம்பி வாங்கிவரட்டும். பயிர் கடும்பச்சையாக நிற்கும்போதே, பக்கத்து வயல்காரர் எறிந்துவிட்டார் என்று எறியும் மூட்டையை வாப்பா முதலில் நிறுத்தலாம்.