மதர்போர்டு எரிந்தால் விண்டோஸ் லைசென்ஸும் போய்விடுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரும் தொழில் செய்கிறேன். விண்டோஸ் 10 ஹோம் போட்டே வந்த பிராண்டட் டெஸ்க்டாப் வைத்திருந்தேன். வாரண்டி முடிந்த பிறகு மதர்போர்டு எரிந்துவிட்டது. சரிசெய்ய வந்த டெக்னீஷியன், அதே போர்டு இப்போது கிடைப்பதில்லை என்று சொல்லி வேறு கம்பெனி போர்டும் புது புராசஸரும் போட்டார். அதன் பிறகு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விண்டோஸ் புரோ போட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு கீ அனுப்பி, பில்லில் "ஒரிஜினல் விண்டோஸ்" என்று தனி வரி எழுதிப் பணம் வாங்கினார். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது மறுபடி ஆக்டிவேஷன் போய்விட்டது. கேட்டால், "ஒரு சாஃப்ட்வேர் அனுப்புகிறேன், ஒரு கிளிக் போதும்" என்கிறார். முதலில் வந்த விண்டோஸுக்கு நான் கொடுத்த பணம் போனது போனதுதானா? அவர் அனுப்பும் சாஃப்ட்வேரைப் போட்டால் குற்றமா? அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? பில், ஸ்டிக்கர், திரை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: கடைசிக் கேள்விக்குத்தான் உங்களுக்குச் சாதகமான பதில் இருக்கிறது. தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த சாஃப்ட்வேரைத் தயவுசெய்து போடாதீர்கள். பழைய லைசென்ஸ் விஷயம் மட்டும் கொஞ்சம் இழுபறி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற எல்லோருமே கீ, ஆக்டிவேஷன், லைசென்ஸ் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கீ என்பது வெறும் 25 எழுத்து. ஆக்டிவேஷன் என்பது, உங்கள் கணினியின் பாகங்களை வைத்து உருவாக்கிய ஓர் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒத்துப்பார்க்கும் வேலை. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. லைசென்ஸ் என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் (அல்லது கணினி தயாரித்தவருக்கும்) இடையே உள்ள ஒப்பந்தம். நீதிமன்றம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான். ஆக்டிவேஷன் வெற்றி பெற்றதால் மட்டும் மென்பொருள் அசல் என்றோ லைசென்ஸ் முறையானது என்றோ உறுதியாகாது என்று விண்டோஸ் 10 ஒப்பந்தமே ஓரிடத்தில் சொல்கிறது. யாரும் படிக்காமல் "சம்மதம்" அழுத்துகிற பக்கம் அது. நான் அதைத் திருப்பியும் வாசிப்பேன். ஆக்டிவேஷன் தோற்றுவிட்டது என்பதால் மட்டும் லைசென்ஸ் செத்துவிட்டது என்றும் ஆகாது. போர்டு மாறியதும் சர்வருக்கு உங்கள் கணினி அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். உரிமை இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்வது சர்வரின் வேலை இல்லை.

சரி, ஒப்பந்தம் என்ன சொல்கிறது? விண்டோஸை எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு பாதை. கடையிலோ இணையத்திலோ தனியாக வாங்கியிருந்தால் (ரீடெயில் என்பார்கள்), உங்களுக்குச் சொந்தமான வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்படி வாங்கியவர் போர்டை மாற்றினாலும், மொத்தப் பெட்டியையே மாற்றினாலும் கவலை இல்லை. கணினியோடு சேர்ந்தே வந்திருந்தால் (ஓஇஎம்), அந்தக் கணினியை விட்டு அது நகராது. கணினியை விற்றால் வாங்குபவருக்கு அதோடு சேர்ந்து போகும். ஓஇஎம் விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு இலவசமாக ஏறியவர்களுக்கும் இதே கதிதான். மேம்படுத்தினாலும் மூல லைசென்ஸின் குணம் மாறுவதில்லை.

உங்களுடையது இரண்டாவது வகை. நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கர் படத்தில் கீ அச்சடிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தேன். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, கணினியோடு வரும் கீயைப் பெரிய தயாரிப்பாளர்கள் மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதித்துவிடுகிறார்கள். போர்டு எரிந்தபோது கீயும் சேர்ந்து எரிந்துவிட்டது.

அப்புறம் என்ன, எல்லாம் முடிந்ததா? இல்லை. ஓஇஎம் லைசென்ஸ் பற்றி மைக்ரோசாஃப்ட் தரும் விளக்கத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டு மதர்போர்டை மாற்றினால் அது புதுக் கணினி. பழைய லைசென்ஸ் செல்லாது. பழுதானதால் மாற்றினால் புது லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதே கம்பெனி, அதே மாடலாக இருக்க வேண்டும். அல்லது கணினி தயாரிப்பாளர் அதற்குச் சமம் என்று ஏற்கும் போர்டாக இருக்க வேண்டும். உங்கள் போர்டு பழுதானது உண்மை. ஆனால் போட்டது வேறு கம்பெனி போர்டு, கூடவே புது புராசஸர். இந்த விளக்கத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் நீங்கள் தோற்கிறீர்கள்.

வக்கீலாக எனக்கு இதில் வாதாட ஒரு இடம் தெரிகிறது. நீங்கள் சம்மதம் கொடுத்த ஒப்பந்தத்தில் "கணினி" என்பதற்கு விளக்கம் இருக்கிறது. மென்பொருளை இயக்கக்கூடிய, உள் சேமிப்பகம் கொண்ட வன்பொருள் அமைப்பு என்கிற மாதிரி. அந்த விளக்கத்தில் மதர்போர்டு என்ற பேச்சே இல்லை. போர்டு மாறினால் கணினியே மாறியதாக அர்த்தம் என்பது தனி விளக்கக் குறிப்பில் உள்ள விதி. நீங்கள் கையெழுத்திட்டதாகக் கருதப்படும் தாளில் இல்லை. ஒப்பந்தத்தில் சந்தேகம் எழுந்தால் அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்கும் பழைய கொள்கை. இன்ஜின் மாற்றினால் வண்டி வேறொருவருடையது ஆகிவிடுமா என்று கேட்கலாம். போதாததற்கு, வழக்கு என்று வந்தால் நீங்கள் வசிக்கும் இடத்தின் சட்டமே பொருந்தும் என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது.

வாதம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஒரு ஹோம் பதிப்பின் விலைக்கு வக்கீல் ஃபீஸ் கொடுத்து மைக்ரோசாஃப்டோடு மோதுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் கேட்டுப் பார்க்கக் காசு இல்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பழைய விண்டோஸ் இணைந்திருந்ததா என்று பாருங்கள். 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து, இணைந்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள பழுதுநீக்கியில் "சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்" என்ற தேர்வு வரும். அதற்கு முதலில் ஹோம் பதிப்பைத் திரும்பப் போட வேண்டும். இப்போதுள்ள புரோவில் பழைய ஹோம் லைசென்ஸ் வேலை செய்யாது. அதுவும் சரிப்படாவிட்டால் மைக்ரோசாஃப்டின் உதவிப் பிரிவைத் தொடர்புகொண்டு, பழைய போர்டு பழுது, அதே மாடல் கிடைக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் லாபம். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவில் மென்பொருளை விற்றது விற்றதுதான் என்கிறார்களே என்று சிலர் எனக்கு எழுதுவதுண்டு. ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலையில், காலவரையற்ற லைசென்ஸோடு மென்பொருளை விற்றுவிட்டால் வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்வதைத் தடுக்க முடியாது என்றது. விற்பவர் தன் பிரதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் ஆட்டோடெஸ்க் வழக்கில் நேர்மாறாக, வாங்கியவர் உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே என்றது. இரண்டுமே மறுவிற்பனை பற்றியவை. எரிந்த போர்டுக்கு இரண்டிலும் நேரடி மருந்து இல்லை.

இப்போது டெக்னீஷியனுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்டிவேஷன் பக்கத்தின் படம். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வரோடு இணைய முடியவில்லை" என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டில் தனியாகக் கணக்கு எழுதும் உங்களுக்கு ஏது நிறுவனம், ஏது சர்வர்? பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்ய உள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது, கேஎம்எஸ் என்று பெயர். அது வேலை செய்ய அங்கே குறைந்தது 25 கணினிகள் இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். அதற்குள் சர்வரை மீண்டும் தொட்டால் புதுப்பித்துக்கொள்ளும், தொட முடியாவிட்டால் போய்விடும். நீங்கள் ஆறு மாதம் என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. படம் அதை உறுதி செய்துவிட்டது. உங்களுக்கு விற்கப்பட்டது உங்களுக்கான லைசென்ஸே இல்லை. யாருடைய சர்வரையோ, அல்லது சர்வர் போல நடிக்கும் ஒரு கருவியையோ காட்டி உங்கள் கணினியை ஏமாற்றியிருக்கிறார். இப்போது அனுப்புகிறேன் என்று சொல்வதும் பெரும்பாலும் அதே கருவிதான்.

அதைப் போட்டால் குற்றமா என்று கேட்டீர்கள். 1996-ல் உருவான உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்புத் தர உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆக்டிவேஷனைச் சுற்றிப் போவதை ஒப்பந்தமும் தடுக்கிறது. திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவது பற்றிய பல நாட்டுச் சட்டங்கள், பயன்படுத்துபவருக்கு அது தெரிந்திருந்ததா என்று பார்க்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு அப்படிப்பட்டது: தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தபட்சம் 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, தொழில் ஆதாயத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். இதுவரை நீங்கள், அவர் "ஒரிஜினல்" என்று எழுதித் தந்த பில்லை நம்பிப் பணம் கொடுத்தவர். கடந்த ஆறு மாதத்துக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. போதாததற்கு, உங்களுடையது தொழில் பயன்பாடு. இன்னொன்று, மற்றவர்களின் வரிக் கணக்கும் வங்கி விவரமும் இருக்கிற கணினி அது. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும் கருவியை அதில் ஏற்றி, நாளை வாடிக்கையாளரின் தகவல் வெளியே போனால், அந்தப் பொறுப்பு லைசென்ஸ் விலையைவிடப் பலமடங்கு பெரியது.

பணத்துக்கு வருவோம். உங்கள் பில் ஒரு வரியில் உங்கள் வழக்கை எழுதித் தந்திருக்கிறது. ஒரு பொருளை இன்னதென்று விவரித்து விற்றால் அது அப்படியே இருக்க வேண்டும்; விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் விற்பனைச் சட்டம் இவற்றை ஒப்பந்தத்துக்குள் தானே சேர்த்துவிடும். மென்பொருள் பொருளா, சேவையா என்ற பழைய சண்டையை அவர் தரப்பு கிளப்பலாம். கிளப்பட்டும். பெட்டியில் அடைத்து விற்கும் ஆயத்த மென்பொருள் சரக்குதான் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004-லேயே ஒரு விற்பனை வரி வழக்கில் சொல்லியிருக்கிறது. சேவை என்று வைத்தாலும் குறைபாடுள்ள சேவை.

கொடுத்த தொகையை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வாக்குறுதியைக் காப்பாற்றியிருந்தால் உங்களிடம் இப்போது என்ன இருந்திருக்குமோ அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதுதான் இழப்பீடு. அப்படிப் பார்த்தால் ஓர் அசல் புரோ லைசென்ஸின் விலையைக் கேட்கலாம். வேறு போர்டு போட்டால் பழைய லைசென்ஸ் போகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்றும் சேர்க்கலாம். ஆனால் அது பலவீனமான குற்றச்சாட்டு. எழுதும்போது அதைக் கடைசியில் வையுங்கள். போர்டு, புராசஸர் பணத்தைக் கேட்காதீர்கள். அவை வேலை செய்கின்றன. நியாயமில்லாததை ஒன்று சேர்த்தால் நியாயமானதும் கெடும்.

எதையும் கேட்பதற்கு முன்னால் ஆதாரத்தைப் பூட்டுங்கள். கணினியை அவரிடம் மறுபடி கொடுக்காதீர்கள். "ஃபார்மட் பண்ணித் தருகிறேன்" என்று அன்பாகச் சொல்வார்; உங்கள் சாட்சியத்தைத்தான் அழிக்கப் போகிறார். ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்) எஸ், எல், எம், ஜி, ஆர் ஐந்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் டி, எல், ஐயும் அடியுங்கள் (slmgr /dli என்று வரும்). சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்ற சொல்லும் (உங்களுக்கு "வால்யூம்" என்று ஆரம்பிக்கும்) கீயின் கடைசி ஐந்து எழுத்தும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கீயோடு அந்த ஐந்தையும் ஒத்துப்பார்த்து, இரண்டையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். "ஒரு கிளிக் போதும்" என்ற செய்தியை அழிக்காதீர்கள். அது அவராகவே தந்த ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. எரிந்த போர்டு இன்னும் அவரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்ததையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

அதன் பிறகு ஒரு பக்கக் கடிதம்: இந்தத் தேதியில் இந்த பில்லில் ஒரிஜினல் விண்டோஸ் என்று விற்றீர்கள், அது எனக்கு உரிய லைசென்ஸ் இல்லை, 15 நாளுக்குள் அசல் லைசென்ஸை வாங்கியதற்கான ரசீதோடு தாருங்கள், இல்லையேல் அதன் விலையைத் தாருங்கள். சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வசைச்சொல் வேண்டாம், போலீஸ் மிரட்டலும் வேண்டாம். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட் காதுக்கு இது போவதை எந்த டெக்னீஷியனும் விரும்ப மாட்டார்.

வராவிட்டால் நுகர்வோர் மன்றம் அல்லது சிறு வழக்கு நீதிமன்றம். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அவர் தரப்பில் சொல்லக்கூடும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. வேறு நாட்டில் இருந்தால், நுகர்வோர் என்பதற்கு அங்கே என்ன விளக்கம், வழக்குப் போட எவ்வளவு காலக்கெடு என்ற இரண்டை மட்டும் அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், வேலை காத்திருக்காது. அதனால் இப்போதே ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டு, அந்த ரசீதை இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வாங்குவது ரீடெயிலாக இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், புதுப் போர்டு ஏற்குமானால் விண்டோஸ் 11 வாங்குங்கள். இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கும் வெறும் கீ வேண்டாம். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கீயிலிருந்து பிய்த்து விற்கப்படுபவை. வாங்கியதும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து, ரசீது மின்னஞ்சலை அச்செடுத்துக் கணினி பில்லோடு சேர்த்து வையுங்கள்.