ட்யூனின் பால் ஏன் கையை எடுக்கவில்லை? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் எங்கள் வீடு. 2023 டிசம்பர் 26 ராத்திரி அம்மோனியா கசிந்தபோது வீட்டில் முதலில் விழித்தது நான்தான். மூக்கும் தொண்டையும் எரிந்தது. கத்திக்கொண்டே கதவைத் திறந்து ஓடினேன். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஆயா ஞாபகம் வந்தது. அண்ணன் அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நல்லவேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

நானும் அண்ணனும் ஸ்டார் வார்ஸ், ஏலியன், ட்யூன் என்று அறிவியல் புனைவுப் படங்களை எல்லாம் சேர்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். ட்யூன் நாவலில் நாயகன் பால் சொல்லும், பயத்துக்கு எதிரான அந்த மந்திரத்தை எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். அன்று ராத்திரி அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. “பால் பொட்டிக்குள்ள கைய வெச்சிட்டு அசையாம நின்னான். நீ ஓடிட்ட” என்று அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. இப்போதும் காற்றில் ஏதாவது நாற்றம் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அந்த நாயகர்கள் எல்லாம் பயத்தை எப்படி ஜெயிக்கிறார்கள்? நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அண்ணன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் காட்சியை அவர் அரைகுறையாக நினைவு வைத்திருக்கிறார்.

பாலுக்கு அப்போது 15 வயது. பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் சங்கத்து மூதாட்டி அவனுக்கு ஒரு பரீட்சை வைக்கிறாள். அவன் கழுத்துப் பக்கத்தில் விஷ ஊசியைப் பிடித்துக்கொண்டு, கையைப் பெட்டிக்குள் விடச் சொல்கிறாள். கையை எடுத்தால் ஊசி இறங்கும். உள்ளே தோல் வெந்து கருகி உரிவதுபோல வலிக்கிறது. கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தால் கையில் ஒரு கீறல்கூட இல்லை. நரம்பைத் தூண்டி உண்டாக்கிய வலி அது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்தால் சாவு, எடுக்காவிட்டால் வெறும் வலி. அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை நிற்பதுதான் பிழைக்கும் வழி. பால் அதைப் புரிந்துகொண்டான், நின்றான்.

உங்கள் வீட்டுக்குள் வந்தது நிஜமான வாயு. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால்தான் உடம்பில் ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்துத் தாக்குகிறது: கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கே அசையாமல் நிற்பதற்கு வீரம் என்று பெயர் கிடையாது. அன்று பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதனால்தான் பிழைத்தார்கள். பால் உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அவனும் ஓடியிருப்பான்.

நாவலில் அந்த மந்திரம் செய்கிற வேலை என்ன? பயம் அறிவைக் கொன்றுவிடும் என்று அது எச்சரிக்கிறது. பயம் வரட்டும், எனக்குள் புகுந்து போகட்டும், போன பிறகு அது போன வழியைத் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே நான் மட்டும் இருப்பேன் என்று சொல்கிறது. அதாவது பயம் வந்து போகிற அந்த நேரத்திலும் யோசிக்கிற ஆள் ஒருவர் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து, நாற்றத்தை அடையாளம் கண்டு, கத்தி, கதவைத் திறந்திருக்கிறீர்கள். ஆயாவைத் தூக்கும்போது உங்கள் அண்ணன் விழித்திருந்தார் அல்லவா? அவரை எழுப்பியது உங்கள் சத்தம்.

ஆயாவை மறந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பூசி மெழுக மாட்டேன். அது உங்களை உறுத்துகிறது, உறுத்துவது நியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து வெட்கப்படுவதில் இல்லை. பாலின் அம்மா ஜெஸிகா அந்த மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிற்கவில்லை. மூச்சை, தசையை, கவனத்தைக் கட்டுப்படுத்தச் சின்ன வயதிலிருந்தே அவனைப் பழக்குகிறாள். பரீட்சை வந்தபோது அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது. பீரோ கதவில் ஒட்டிய காகிதத்தால் அது முடியாது.

அதனால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இனி இப்படி ஒன்று நடந்தால் ஆயாவை யார் தூக்குவது, கதவை யார் திறப்பது, ஈரத்துணியை யார் எடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காகப் போக வேண்டும், காற்றோடு சேர்ந்து ஓடக் கூடாது. எங்கே கூடுவது என்று ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நிஜமாகவே செய்து பாருங்கள். ஆயா திட்டுவார், பரவாயில்லை.

அப்புறம் ஏலியன் நாயகி ரிப்ளி. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவள்தான். 1979இல் வந்த முதல் ஏலியன் படத்தில், முகத்தில் ஏதோ ஒரு உயிர் ஒட்டிக்கொண்ட சக ஊழியனைத் தூக்கிக்கொண்டு கேப்டன் விண்கப்பல் வாசலில் நிற்கிறார். கதவைத் திற என்று கட்டளையிடுகிறார். ரிப்ளி மறுக்கிறாள். 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதி இருக்கிறது, திறந்தால் எல்லோரும் சாகலாம் என்கிறாள். மற்றவர்கள் கண்ணுக்கு அவள் இரக்கமில்லாதவள். அறிவியல் அதிகாரி அவளை மீறித் திறந்துவிடுகிறான். அவன் மனிதனே இல்லை என்பதும், ஊழியர்கள் செத்தாலும் பரவாயில்லை, அந்த உயிர் வந்து சேர வேண்டும் என்று கம்பெனி அவனுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிகிறது. கப்பலில் ஏழு பேர். பிழைத்தது ரிப்ளியும் ஒரு பூனையும். அந்தக் கப்பலில் சரியாகப் பயந்தது அவள் ஒருத்திதான். தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருக்கிற நமக்கு அந்தக் காட்சி புரிகிற அளவுக்கு வேறு யாருக்குப் புரியும்?

அதே படத்தின் கடைசியில், தப்பித்துவிட்டோம் என்று நினைத்த சின்னக் கலத்திலும் அந்த உயிர் இருப்பது தெரிகிறது. அப்போது அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று மறுபடி பாருங்கள். உடம்பு நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. நடுக்கத்தோடே, வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விண்வெளி உடையைப் போடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை இறுக்குகிறாள். பயம் போகட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. வேலை நடக்கிறது, பயமும் கூடவே இருக்கிறது. இத்தனை வருடமாக இந்தக் கதைகளைப் படித்து எனக்குப் பிடிபட்டது இந்த ஒன்றுதான்.

1986இல் வந்த அடுத்த படத்தில் அவள் தூக்கத்தில் அலறி எழுகிறாள். மறுபடி அந்தக் கிரகத்துக்கு வா என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொன்னவள், ஒரு கெட்ட கனவிலிருந்து வியர்த்து எழுந்த பிறகுதான் சம்மதிக்கிறாள். நாற்றம் வந்தால் எழுந்து உட்கார்வது கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதை மறக்கக் கொஞ்சம் காலம் எடுக்கும். ஆனால் தூக்கம் தொடர்ந்து கெடுகிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போய்ப் பேசுங்கள். தயங்க வேண்டாம்.

ஸ்டார் வார்ஸில் பயத்தின் கதை வேறு மாதிரி போகிறது. அங்கே ஆபத்து வெளியிலிருந்து வருவதைவிட உள்ளே இருந்துதான் அதிகம் வருகிறது. 1980 படத்தில் நாயகன் லூக் ஒரு குகைக்குள் போகிறான். ஆயுதம் தேவைப்படாது என்று குரு யோடா சொல்லியும் எடுத்துக்கொண்டு போகிறான். உள்ளே அவனுடைய எதிரி வேடர் வருகிறார், லூக் வெட்டுகிறான், முகமூடி உடைந்தால் அதற்குள் தன் முகம். 2005 படத்தில் அவன் அப்பா அனகினைப் பாருங்கள், பிற்பாடு வேடராக மாறுவது அவன்தான். மனைவி பிரசவத்தில் இறப்பதாகக் கனவு வருகிறது. அது ரகசியத் திருமணம், அதனால் யோடாவிடம் போயும் யாரைப் பற்றிய பயம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. இழக்கப் பயப்படுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்கிறார் யோடா. எனக்கு அந்த இடத்தில் யோடா மீது இன்றும் கோபம் வரும். பயந்து வந்த பையனை உட்காரவைத்து இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டாமா? அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டது, பின்னால் தீய பேரரசனாகப் போகிற பால்படீன்தான். அவன் அதையே கயிறாக்கி அனகினைக் கட்டி இழுத்துப் போனான்.

மகனும் அதே இடத்துக்கு வருகிறான். 1983 படத்தில் தங்கையைத் தீமையின் பக்கம் இழுப்பேன் என்று வேடர் மிரட்டியதும் லூக் வெறி பிடித்து அவர் கையை வெட்டிவிடுகிறான். வெட்டுப்பட்ட கையில் கம்பிகள் தெரிகின்றன. தன்னுடைய இயந்திரக் கையைப் பார்க்கிறான். வாளைத் தூக்கி எறிகிறான். குகையில் பார்த்த முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டது அங்கேதான்.

பாலுக்கு அது நடக்கவில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் ட்யூனை வெளியிட்டார், 1969இல் ட்யூன் மெசையாவை. வலிக்குப் பயப்படாத பால், தன் பெயரைச் சொல்லி நடக்கப்போகும் புனிதப் போரை நினைத்துப் பயப்படுகிறான். அந்தப் பயம் சரியானது. ஆனால் அதைத் தாண்டிப் போய்விடுகிறான். இரண்டாவது நாவலில் தான் 6,100 கோடிப் பேரைக் கொன்றிருப்பதாக அவனே கணக்குச் சொல்கிறான். தாண்டக் கூடாத பயமும் உண்டு என்பதை ஹெர்பர்ட்டைப் போல அறிவியல் புனைவில் யாரும் இவ்வளவு கடுமையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் பசங்களுக்கு ‘பயமா, எனக்கா?’ என்று கேட்பதுதான் கெத்து. தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள் நான், அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அதே ஊரில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் காசிமேட்டில் ஒரு படகும் போகாது. வலையைப் பிரித்துத் தைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிற மீனவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடலைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். உங்கள் அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். தங்கையைக் கிண்டல் செய்கிறபோது மறந்துவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே வைத்துப் புழுங்காமல், அந்த வார்த்தை உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள். அவரும் அன்று பயந்துதான் ஓடியிருப்பார், கையில் ஆயா இருந்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதைப் பற்றி அவரிடம் யாராவது இதுவரை கேட்டார்களா?

ட்யூன் மெசையாவை அவர் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முதல் நாவலைவிட மிகவும் சின்னது. படிக்கக் கொடுங்கள். படித்து முடித்த பிறகு, பால் தைரியசாலியா இல்லையா என்று அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா