சாஃப்ட்வேர் பெயர் அப்புறம், முதலில் மைக்கா கீபோர்டா என்று பாருங்கள்

வணக்கம் சார். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்யப் பழக வேண்டும் என்கிறாள், ஒருவர் எஃப்எல் ஸ்டுடியோ என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார், இன்னொருவர் அதே மாதிரியான புரோ டூல்ஸ் தெரியாவிட்டால் வேலையே கிடைக்காது என்கிறார், எதற்குப் பணம் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதற்கும் கட்ட வேண்டாம். அவள் கை தானாக எங்கே போகிறது, மைக்குக்கா வாசிக்கும் கீபோர்டுக்கா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் போதும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். மைக்கில் பாடினால் கம்ப்யூட்டர் அந்த ஒலியையே பிடித்து வைக்கிறது. ஒரு விநாடிக்கு 48,000 முறை (44,100 என்றும் வைத்துக்கொள்ளலாம்) ஒலியின் அளவை எடுத்து எழுதிக்கொண்டே போகும். குரல், மூச்சு, மின்விசிறிச் சத்தம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி என்று அறையில் இருந்த எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக விழுந்துவிடும். அப்புறம் அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கீபோர்டை இணைத்து வாசித்தால் கம்ப்யூட்டருக்குப் போவது மிடி (MIDI) என்ற குறிப்பு, அதில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினாள், எவ்வளவு வேகமாக அழுத்தினாள், எப்போது விட்டாள் என்ற தகவல் மட்டும்தான். ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண், அழுத்திய வேகத்துக்கும் அதே போல ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்களை வாங்கி ஒலியாக்குவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள் வாத்தியத்தின் வேலை. அதனால் இன்று பியானோவில் வாசித்ததை நாளை வயலினாக மாற்றலாம், பாட்டின் வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. வெவ்வேறு கம்பெனிகளின் சின்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-ல் வந்த ஏற்பாடு இது, அடிப்படை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இன்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் சாஃப்ட்வேர் எத்தனை மாறினாலும் வீணாகாது.

இப்போது ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதை சாஃப்ட்வேரில் ஒரு டிராக்கில் (தனித்தனியாகப் பதிவாகும் ஒரு வரிசை) பாடட்டும், இன்னொரு டிராக்கில் கீபோர்டில் வாசிக்கட்டும். வாசித்ததில் ஒரு ஸ்வரம் தவறியிருந்தால் திரையில் அது ஒரு சின்னக் கட்டமாக நிற்கும், மவுஸால் பிடித்து ஒரு படி மேலே இழுத்தால் சரியாகிவிடும். பாடியதில் மூன்றாவது சொல் கொஞ்சம் இறங்கியிருந்தால் அவ்வளவு லேசில் முடியாது. அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாட வேண்டும், புதிதாகப் பாடிய டேக்கில் மூச்சு விடும் இடம் பழையதோடு பொருந்த வேண்டும், இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ‘டக்’ என்று கேட்காமல் இருக்க ஒன்று மெல்லக் குறைய மற்றது மெல்லக் கூடும்படி ஒரு குட்டி கிராஸ்ஃபேட் போட வேண்டும், மைக்கிலிருந்து முன்பு நின்ற அதே தூரத்தில் நிற்காவிட்டால் குரலின் நிறமே மாறி ஒட்டு தனியாகத் தெரியும். சுருதியைத் திருத்தும் கருவிகள் இருக்கின்றனதான், ஆனால் மோசமாகப் பதிவான குரலை அவற்றில் போட்டால் இன்னும் மோசமாகத்தான் கேட்கும்.

இதைச் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், ஆனால் கவனியுங்கள். ஒட்டு தெரியாமல் போகும்வரை ஒரே வரியோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறாளா, அல்லது பாடியதை அப்படியே விட்டுவிட்டு கீபோர்டு பக்கம் போய், ஒரு ஸ்வரத்தை அழுத்திய வேகத்தின் எண்ணை 90-லிருந்து 72-க்குக் குறைத்தால் எப்படி இருக்கும், அடியில் இன்னொரு வாத்தியம் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று சோதித்துக்கொண்டிருக்கிறாளா? யாரும் சொல்லாமலே எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறாளோ அதுதான் அவளுடைய பக்கம். எந்த ஆப்டிட்யூட் டெஸ்ட்டையும்விட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கவலை அதில்தான் என்று தெரியும். ஆடியோ பக்கம், அதாவது மைக் பக்கம், போகிறவர்களுக்கு பாட்கேஸ்ட் எடிட்டிங், ஆடியோபுக், டப்பிங், படப்பிடிப்பில் ஒலிப்பதிவு, மேடை நிகழ்ச்சிகளுக்கான சவுண்ட் என்று வழிகள் நிறைய. மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பேச்சைச் சுத்தம் செய்ய ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், ஆரம்ப நிலையிலேயே சின்னச் சின்ன வேலைகள் வந்துவிடும். மிடி பக்கம் என்றால் இசையமைப்பு, அரேஞ்ச்மென்ட், புரோகிராமிங், விளம்பரத்துக்கும் வீடியோ கேமுக்கும் இசை. அதில் உயரம் அதிகம், ஆனால் முதல் வருமானம் வரத் தாமதமாகும், யார் யாருடைய பழக்கம் இருக்கிறது என்பதும் பேசும். இசையறிவும் கொஞ்சம் கீபோர்டு விரலும் இல்லாமல் மிடியை மட்டும் நம்பி இறங்கினால் ஓரளவுக்கு மேல் நகராது.

என்னைக் கேட்டால், அவள் ஏற்கெனவே கீபோர்டு வாசிப்பவளாக இல்லாத பட்சத்தில் முதல் ஆறு மாதம் மைக்கோடு இருக்கட்டும். மிடியில் முதல் நாளே நன்றாகக் கேட்கும். மென்பொருள் பியானோவின் ஒலியை வேறு யாரோ தேர்ந்தவர்கள் நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் வரும் பாராட்டில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது. மைக்கில் முதல் நாள் நன்றாகவே இருக்காது. ஏன் நன்றாக இல்லை என்று தேடிப் போவதில்தான் காது வளர்கிறது.

அந்த ஆறு மாதத்துக்கு ஒரு இலக்கும் தருகிறேன். ஆடியோபுக்குகளை வெளியிட வழிசெய்யும் ஏசிஎக்ஸ் தளம் தனக்கு வரும் ஃபைல்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது (கம்ப்யூட்டரில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு, அதனால் அளவுகள் மைனஸில் இருக்கும்): சராசரி ஒலியளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, யாரும் பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60-க்கு மேல் போகக் கூடாது. ஏதாவது ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கத்தை வாசித்து இந்த அளவுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் சீக்கிரம் பிடித்துவிடுவாள். கடைசி அளவுதான் பாடாய்ப் படுத்தும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்காத அறைக்குப் போக வேண்டும், துணி நிறைந்த அலமாரி பக்கம் திரும்பி வாசிக்க வேண்டும், மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் மாறாமல் இருக்க வேண்டும், 24 பிட்டில் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்ற கணக்கு) பதிவு செய்து உச்சம் மைனஸ் 10-ஐ ஒட்டியே நிற்கும்படி கெய்னை, அதாவது மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை, வைக்க வேண்டும். எந்தப் பட்டனை அமுக்கியும் முடிக்க முடியாத வேலை இது, அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம் பணம். ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று ஒரு நாள் வந்து நிற்பாள், புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அவசரப்படாதீர்கள். சாஃப்ட்வேரில் பஃபர் என்று ஒரு அளவு உண்டு, ஒலியை எத்தனை அளவுகள் சேர்த்துவைத்து ஒரு கட்டாகக் கையாள்வது என்பது அது. 48,000-ல் பதிவு செய்யும்போது பஃபர் 1024 என்றிருந்தால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சுமார் 21 மில்லிவிநாடி போய்விடும், 128 என்று வைத்தால் 3-க்கும் கீழே. பாடும்போது குறைத்து வைத்துக்கொண்டு மிக்ஸிங் (எல்லா டிராக்குகளையும் அளவாகக் கலப்பது) செய்யும்போது கூட்டிக்கொள்ளலாம். இன்னும் சுலபமாக, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராக ஹெட்போனுக்கே வந்துவிடும். மிடியில் இந்த வழி உதவாது, கம்ப்யூட்டர்தானே ஒலியையே உண்டாக்குகிறது. ஆகவே மிடி பக்கம் போகிற பிள்ளைக்கு பிராசசரிலும் மெமரியிலும் பணம் போடுங்கள், ஆடியோ பக்கம் போகிற பிள்ளைக்கு மைக், இன்டர்ஃபேஸ், அறை. இருவருக்கும் காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று, அதையும் சத்தம் குறைத்து வைத்தே கேட்கச் சொல்லுங்கள், இந்தத் தொழிலில் காது போனால் எல்லாம் போச்சு.

சாஃப்ட்வேரைப் பற்றிச் சுருக்கமாக. கியூபேஸ் 1989-ல் மிடிக்காகப் பிறந்தது, 1991-ல் வந்த புரோ டூல்ஸ் ஆடியோவுக்காக, எஃப்எல் ஸ்டுடியோவும் மிடி வழியில் வந்ததுதான். இன்று மூன்றுமே இரண்டையும் செய்யும், ஆனாலும் பிறந்த வீட்டு வாசனை போகவில்லை. மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், இரண்டுக்கும் போதும். விண்டோஸ் என்றால் ரீப்பர், 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம். ஆடாசிட்டி பேச்சை வெட்டி ஒட்ட நல்ல இலவச சாஃப்ட்வேர், ஆனால் கீபோர்டை இணைத்து மிடி பதிவு செய்ய அது ஆகாது. எஃப்எல் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பில் சேமித்து வைத்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது, தெரியாமல் ஒரு வாரம் உழைத்துவிட்டு அழப்போகிறாள், முன்பே சொல்லிவையுங்கள்.

புரோ டூல்ஸ் தெரியாவிட்டால் வேலை இல்லை என்பது பெரிய ஸ்டுடியோக்களையும் சினிமா ஒலிப்பணியையும் பொறுத்தவரை ஓரளவு உண்மைதான். ஆனால் ரீப்பரில் எடிட்டிங் ஒழுங்காக வந்துவிட்டவள் புரோ டூல்ஸுக்கு மாறினால் ஷார்ட்கட்களைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருக்கும், காது அதேதான்.

கோர்ஸ் சேர்க்கும் முன் அந்த நிறுவனத்தில் நேரில் போய்க் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவி தன் கையால் மைக் வைத்துப் பதிவு செய்வாள், ஒரு மைக்குக்கு எத்தனை பேர், மிக்ஸிங் பழக அசல் டிராக்குகளைக் கையில் கொடுப்பார்களா, முடிக்கும்போது கையில் எத்தனை முழு வேலைகள் இருக்கும். சான்றிதழைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் அவள் பாடிப் பதிவு செய்த ஒரு நிமிடம், மிடியில் செய்த ஒரு நிமிடம், இரண்டையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்தத் திருத்தமும் செய்யாமல். கேட்டுவிட்டு எந்தப் பக்கம் என்று அவளிடமே பேசுகிறேன்.