பி.ஏ. ஆங்கிலமும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேப்பரும்: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டிரைடன், போப், ஸ்விஃப்ட் போன்ற 1660 முதல் 1800 வரையிலான ஆங்கில எழுத்தாளர்கள் இருக்கும் பேப்பரில் இன்டர்னல் மதிப்பெண் சரிந்துவிட்டது. "எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை, பி.காம். மாறிக்கொள்கிறேன்" என்கிறாள். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உங்களுக்கும் பயம் வந்துவிட்டது. இதுதானே நீங்கள் எழுதியிருப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு பேப்பருக்காகப் படிப்பை மாற்ற வேண்டாம். இப்போது மாறினால் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தை வைத்துப் பிழைக்கப்போகிற பெண்ணுக்கு, மூன்று வருடப் பாடத்திலும் அதிகம் கைகொடுக்கக்கூடியது இந்தக் காலகட்டம்தான். எழுத்து என்பது சம்பளம் தரும் தொழிலாக இங்கிலாந்தில் உருவானது அப்போதுதான்.

அவளுக்கு ஏன் ஏறவில்லை என்று எனக்குப் புரிகிறது. இந்தப் பேப்பர் வழக்கமாக டிரைடனின் 'ஆப்சலம் அண்ட் அக்கிடோஃபெல்' கவிதையில் தொடங்கும். 1681-இல் வந்தது. வெளியே பார்த்தால் பைபிளில் வரும் தாவீது ராஜாவின் கதை. உள்ளே இருப்பதெல்லாம் அன்றைய லண்டன் அரசியல்: தாவீது என்பது இரண்டாம் சார்லஸ், ஆப்சலம் அவருடைய மகன் மான்மத் பிரபு, அக்கிடோஃபெல் அவனை அரசருக்கு எதிராகத் தூண்டிவிட்ட ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. அடுத்த அரசர் யார் என்ற சண்டை தெரியாத பிள்ளைக்கு அந்த வரிகள் எப்படிப் பிடிபடும்? கைடை வாங்கி மனப்பாடம் செய்வாள், தேர்வு அறையில் மறந்துபோவாள். குறை அவளிடம் இல்லை, படிக்கும் வரிசையில் இருக்கிறது. கவிதையைக் கொஞ்சம் ஒத்திவைத்து, உரைநடையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

முதலில் கட்டுரையாளர் ஜோசப் அடிசன். அவரும் ரிச்சர்ட் ஸ்டீலும் சேர்ந்து 1711 மார்ச் 1-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழைத் தொடங்கினார்கள். ஒரே தாள், இரு பக்கமும் அச்சு, கடைசியில் விளம்பரங்கள், விலை ஒரு பென்னி. ஞாயிறு தவிர தினமும் வந்தது. 1712 டிசம்பர் வரை 555 இதழ்கள். தினம் 3,000 பிரதிகள் போவதாகவும், ஒரு பிரதியை 20 பேர் படிப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றும் பத்தாவது இதழிலேயே அடிசன் கணக்குப் போட்டார். காபி கடையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன இதழ் அது. (அவருடைய தம்பி கல்ஸ்டன் அடிசன் 1709-இல் நம் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநரானார், அதே ஆண்டில் இங்கேயே இறந்தும்போனார். இதைச் சொன்னாலே பல மாணவர்களுக்கு அடிசன் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறார்.)

112-ஆவது இதழை எடுத்துக் கொடுங்கள். அந்த இதழில் வரும் கற்பனைப் பாத்திரமான கிராமத்துப் பெரிய மனிதர் சர் ராஜர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறார். பிரசங்கத்தின் நடுவே அவரே கொஞ்சம் கண்ணயர்ந்துவிடுவார். விழித்ததும் எழுந்து நின்று சுற்றிப் பார்ப்பார். வேறு யாராவது தூங்கிவழிந்தால் தானே எழுப்புவார், இல்லையென்றால் வேலைக்காரர்களை அனுப்பி எழுப்பச் சொல்வார். இதைப் படித்து எந்தப் பிள்ளை சிரிக்காது? 300 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் என்ற பயம் அந்த இரண்டு பக்கத்தில் போய்விடும். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் எல்லா இதழ்களும் இலவசமாகவே இருக்கின்றன.

சிரித்துப் படித்ததோடு விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் பாஸ்டனில் அச்சகத்தில் வேலை பழகியவர். அதிகம் பள்ளி சென்றவர் இல்லை. ஸ்பெக்டேட்டர் தொகுதி ஒன்று கையில் கிடைக்க, அதை வைத்தே எழுதப் பழகினார். ஒரு கட்டுரையை எடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் கருத்தை மட்டும் சின்னக் குறிப்பாக எழுதிவைப்பார். சில நாள் அதைத் தொடமாட்டார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதுவார். மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே சொல் போதவில்லை, எங்கே வரிசை குழம்பியது என்று திருத்துவார். தன் சுயசரிதையில் அவரே இதை விவரித்திருக்கிறார். உங்கள் மகள் வாரம் ஒரு கட்டுரையை இப்படிச் செய்யட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்துபார்க்கும்படி நான் எல்லா இலக்கிய மாணவர்களையும் கெஞ்சுகிறேன்.

அடுத்து ஸ்விஃப்டின் 'எ மாடஸ்ட் ப்ரப்போசல்', 1729. அயர்லாந்தின் வறுமையைத் தீர்க்க, ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று ஒருவர் எத்தனை குழந்தைகள், என்ன விலை என்று நிதானமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பேசுகிற அந்த ஆள் ஸ்விஃப்ட் இல்லை, ஸ்விஃப்ட் சாடுகிற மனப்போக்கு அது என்று கண்டுபிடிப்பதுதான் பாடமே. சொல்லப்பட்டதற்கும் சொல்ல வந்ததற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கத் தெரிந்தவளுக்குப் பத்திரிகை, சட்டம், விளம்பரம் என்று எங்கே போனாலும் மதிப்பு உண்டு.

இவர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதையும் அவளோடு பேசுங்கள். போப் கத்தோலிக்கர், அதனால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. முதுகெலும்பில் காசநோய், உயரம் நாலரை அடிதான். ஹோமரின் 'இலியட்' காவியத்தை மொழிபெயர்க்க முன்கூட்டியே சந்தா சேர்த்தார். ஆறு தொகுதிகள், 1715 முதல் 1720 வரை, ஒரு செட் ஆறு கினி (கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் மதிப்புள்ள அன்றைய நாணயம்). அதில் சுமார் 5,000 பவுண்டு வந்தது, பிறகு யாரையும் அண்டிப் பிழைக்கவில்லை. பெண்ணுக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்டால், அஃப்ரா பென் என்ற பெண்மணி அதற்கு முந்தைய தலைமுறையிலேயே நாடகம் எழுதி அதில் வாழ்ந்தவர். 1677-இல் வந்த 'தி ரோவர்' அவருடையது.

எனக்கு மிகவும் பிடித்தவர் சாமுவேல் ஜான்சன். லிச்ஃபீல்டில் புத்தகக் கடை வைத்திருந்தவரின் மகன். பணம் இல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பட்டம் வாங்காமலே வெளியேறியவர். 1746-இல் 1,500 கினிக்கு ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க ஒப்பந்தம் போட்டார். உதவியாளர்களுக்கான கூலியும் அதிலேயே அடக்கம். புத்தகங்களைப் படித்துக்கொண்டே தேவையான சொல்லின் கீழ் பென்சிலால் கோடு இழுப்பார், ஓரத்தில் அதன் முதல் எழுத்தைக் குறிப்பார். உதவியாளர்கள் அந்த வரியைத் தனிச் சீட்டில் எழுதி அகர வரிசையில் அடுக்குவார்கள். 1755-இல் 40,000-க்கும் மேற்பட்ட சொற்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு அகராதி வெளிவந்தது. இன்று மொழித் தரவுகளைத் தொகுத்து, வகைப்படுத்தி, குறியிடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களே, அந்த வேலையின் அடிப்படை ஒழுங்கு இதேதான்.

இனி வேலை விஷயம். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமானால் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட பி.எட்., அதோடு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.ஏ., பி.எட்., அரசுப் பள்ளி என்றால் முதுநிலை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் பி.ஜி. டி.ஆர்.பி. தேர்வு. கல்லூரிக்கு எம்.ஏ.வில் 55 சதவீதமும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும். நெட் இரண்டாம் தாளில் 100 கேள்விகள், தலா 2 மதிப்பெண். ஆங்கிலத்தில் நாடகம், கவிதை, புனைகதை, உரைநடை என்று அலகுகள் பிரிகின்றன, நூல்களைக் கால வரிசையில் அடுக்கும் கேள்விகள் அடிக்கடி வரும். இந்தக் காலகட்டத்தை இப்போதே ஒழுங்காகப் படித்தவளுக்கு அங்கே பாதிச் சுமை குறையும்.

ஆசிரியர் வேலை வேண்டாம் என்றால், வெளிநாட்டு ஆய்வு இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் எடிட்டிங் செய்து தரும் நிறுவனங்கள் சென்னையில் நீண்ட காலமாக இருக்கின்றன. டெக்னிக்கல் ரைட்டிங், இ-லேர்னிங் பாடம் எழுதுவது, சப்டைட்டில் என்று பிற வழிகளும் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வேலை கேட்கும்போது சான்றிதழோடு நிற்காமல், எடிட்டிங் டெஸ்ட் ஒன்று வைப்பார்கள். ஃபிராங்க்ளின் முறையில் ஒரு வருடம் எழுதிப் பழகியவள் அதில் தடுமாற மாட்டாள்.

இந்த செமஸ்டருக்கு மட்டும் சில விஷயங்கள். 1660 முதல் 1700 வரை டிரைடன், அங்கிருந்து 1740-கள் வரை போப், ஸ்விஃப்ட், அடிசன், அதன் பிறகு நூற்றாண்டின் இறுதிவரை ஜான்சன் என்று ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு நூலையும் அதற்குரிய ஆண்டில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டட்டும். உரைநடை முடிந்ததும் போப்பின் 'ரேப் ஆஃப் தி லாக்' படிக்கட்டும். ஒரு பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை வெட்டிவிட்டதால் இரு குடும்பத்துக்குள் வந்த மனஸ்தாபம்தான் கதை. டிரைடனைக் கடைசியாக, அந்த அரசியல் பின்னணியை ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொண்டு படிக்கட்டும். இதையெல்லாம் மனதார முயன்ற பிறகும் புத்தகத்தைத் திறக்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தால், அப்போது பி.காம். பற்றிப் பேசலாம். அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் அம்மா, முடிவை அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.